தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஒரே பாத்தியில் வைக்கலாமா? ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றாதா?

வைக்கலாம், நானும் வைக்கிறேன். தொற்றுமா என்றால், தொற்றும். மூன்றும் கத்தரிக் குடும்பம். உருளைக்கிழங்கும் குடைமிளகாயும் அதே வீட்டுப் பங்காளிகள்தான். சொத்தைப் போல வியாதியையும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைவிட, ஒன்று முடிந்ததும் அதே மண்ணில் அடுத்ததை நடுவதுதான் பெரிய வம்பு.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வரிசை தக்காளி, அடுத்த வரிசை கத்தரி. காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு தக்காளிச் செடி மத்தியானம் தலை தொங்கியது, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. வெயில் தாங்கவில்லை போல என்று வாய்க்காலில் கூடுதலாகத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் இலை பச்சை மாறாமலே செடி துவண்டு போனது. தண்டை அடியோடு ஒட்டி வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டு வாய் மட்டும் முங்கும்படி பிடித்தேன். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். தாகம் என்று நினைத்து நான் விட்ட தண்ணீர்தான் கிருமியை வரிசை நெடுகக் கொண்டுபோயிருக்கிறது. கத்தரியிலும் நாலு செடி போனது. மிளகாய் வேறு செடிதானே என்று அடுத்த போகம் அதே இடத்தில் நட்டேன். அதுவும் போச்சு.

இதற்கு மருந்து தேடி அலையாதீர்கள். வாடிய செடியை வேரோடும் சுற்று மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் மட்டும் போட வேண்டாம். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைக்காதீர்கள். கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தப் பாத்தியில் குறைந்தது 3 ஆண்டுகளாவது இந்தக் குடும்பம் வேண்டாம்; மக்காச்சோளம், வெங்காயம் என்று வேறு ஏதாவது வையுங்கள். மணத்தக்காளியும் ஊமத்தையும் கூட இதே குடும்பம்தான். பாத்தியைச் சும்மா போட்டிருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தானாக முளைத்த மணத்தக்காளி கிருமிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

வேறு இடமே இல்லை என்றால் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய தக்காளி, கத்தரி நாற்றைப் பாருங்கள். சுண்டை வேர் இந்த வாடலை நன்றாகவே தாங்கும்.

காற்றிலும் பூச்சியிலும் வரும் நோய்களுக்கு நாலடி தள்ளி நடுவது வேலி ஆகாது. கத்தரி இலைக்கடியில் பெருகும் வெள்ளை ஈ, இலைச்சுருட்டு நோய் வந்த ஒரு தக்காளியில் உட்கார்ந்து சாறு குடித்துவிட்டுப் போனால் போதும், வைரஸ் மற்றத் தக்காளிகளுக்குப் போய்விடும். அதனால் தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். இலை நனையாமல் வேரடியில் தண்ணீர் விடுங்கள். செடிக்குச் செடி 60 செ.மீ. இருந்தால் காற்றாடும். மண்ணைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்ணை வைக்கோலால் மூடி மூடாக்குப் போட்டால், மழைத்துளியோடு தெறிக்கும் பூஞ்சையில் பாதித் தொல்லை குறையும். புகையிலை போடுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தக்காளியைத் தொடக்கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாகவே ஏறும்.

நான் சேர்த்தே வைக்காத ஜோடி ஒன்று உண்டு: தக்காளியும் உருளைக்கிழங்கும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தில் தள்ளிய பின்பருவக் கருகல் நோய் இரண்டுக்கும் பொது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாளில் பாத்தியே வெந்தது போல ஆகிவிடும். மண்ணில் தவறிப்போய் விட்ட கிழங்கு அடுத்த பருவத்தில் முளைத்து, நோயையும் கூட்டிக்கொண்டு வரும்.

மூன்றையும் சேர்த்து நடுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. குடும்பம் மொத்தமும் ஒரே பாத்தியில் இருந்தால், அடுத்த ஆண்டு மொத்தமாக வேறு பாத்திக்கு மாற்றிவிடலாம். தோட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் எந்த மண் ஓய்வில் இருக்கிறது என்ற கணக்கே தவறிவிடும். நான் பழைய டைரியில் பாத்திப் படம் வரைந்து ஆண்டைக் குறித்து வைக்கிறேன். அந்த வாடல் பாத்தியில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. போன வாரம் அதற்குள் ஒரு மணத்தக்காளி பழுத்து நின்றது. பழத்தைத் தின்றுவிட்டுச் செடியைப் பிடுங்கினேன்.