அடுப்படி அத்தை பதில்கள்: வெள்ளைக் கோழியும் திரிந்த பாலும்

போன இதழில், ஒரே சட்டியில் கிரீம் ஊற்றி ராத்திரிக்குக் கோழி செய்வது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரி போதாது என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சாரல் மாதம் வேறு. பாளையங்கோட்டையில் சாயங்காலக் காற்று குளிர்ந்து இறங்கினாலே எல்லோருக்கும் கோழி ஞாபகம் வந்துவிடுகிறது. இந்தத் தடவை வேறு கேள்வி கிடையாது, கோழி மட்டும்தான்.

நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். கிரீம் கைவசம் இல்லாததால் பால் ஊற்றினேன். நிறத்துக்கு இரண்டு தக்காளி அரைத்து விட்டேன். பத்தே நிமிஷத்தில் தண்ணீர் தனி, பொடிப்பொடியாய்ப் பால் தனி. "இது பன்னீர் கோழியா?" என்கிறார் மாமியார். எங்கே தப்பு?
- வாசகி, அம்பாசமுத்திரம்

மாமியார் கேட்டது சரிதான் தாயீ. நீ செய்தது பன்னீர்தான். கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகுமோ, தக்காளி ஊற்றினாலும் அதேதான் ஆகும். கொஞ்சம் மெதுவாக ஆகும்.

எனக்கும் நடந்திருக்கிறது. மகளுக்குத் தலைதீபாவளி. மருமகன் வெளிநாட்டில் இருந்தவர், "இவுக வெள்ளைக்காரச் சாப்பாடு பழகினவுக" என்று நானாக நினைத்துக்கொண்டு, கறிக்குழம்பை விட்டுவிட்டு இந்தக் கோழிக்கு இறங்கினேன். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பாலேட்டைப் பாலோடு அடித்து ஊற்றி, எல்லாம் அழகாகத்தான் வந்தது. புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டுமே என்று, தளதளவென்று கொதிக்கிற சட்டியிலேயே ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கண்ணெதிரே திரிந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வடிகட்டி எடு, ரசம்னு சொல்லி ஊத்திருவோம்" என்றார். மருமகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மறுநாள் மட்டும், "கறிக்குழம்பு வைக்க மாட்டீங்களா அத்தே?" என்று கேட்டார்.

இதில் எனக்கு என்ன கோபம் என்றால், அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு ஐம்பது பேருக்குச் சொதி வைத்திருந்தேன். ஒரு சொட்டுத் திரியவில்லை. சொதிக்கு என்ன செய்கிறோம்? காயெல்லாம் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகும். வெந்த பாசிப்பருப்பு சேரும். முதல் பால் கடைசியில்தான். ஓரத்தில் லேசாக நுரை கூடினதும் இறக்கிவிடுவோம். எலுமிச்சை, அடுப்பிலிருந்து இறக்கின பிறகு. கைக்குத் தெரிந்த வேலையைக் கோழி என்றதும் மறந்துபோனேன்.

பாலில் கேசின் என்று ஒரு புரதம் உண்டு. புளிப்புப் பட்டால் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சூடு கூடக்கூட வேகமாக ஆகும். கொழுப்பு நிறைய இருந்தால் அவ்வளவு சுலபத்தில் ஒட்டாது. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், முழுக்கொழுப்புப் பாலில் 6, கடையில் 200 மில்லி பெட்டியில் விற்கிற கிரீமில் 25. அதனால்தான் பால் திரிகிற இடத்தில் கிரீம் தாக்குப் பிடிக்கிறது. பால்தான் இருக்கிறது என்றால், ஒரு கரண்டி மைதாவை வெண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, அதில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டு. மாவு பாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளி மட்டும் வேண்டாம்.

முழுசாக ஒருதரம் சொல்லிவிடுகிறேன். முக்கால் கிலோ கோழி, தொடைக்கறியாக, தோலோடு. உப்பு, மிளகுத்தூள் தடவி அரை மணி நேரம். அடி கனத்த சீனிச்சட்டியில் எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி ஏழு நிமிஷம். திருப்பிப் போட்டு மூன்று நிமிஷம். எடுத்துத் தட்டில் வை. அதே எண்ணெயில் பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு. வதங்கினதும் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, சட்டி அடியில் ஒட்டியிருக்கிற பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரை. ருசியெல்லாம் அந்த ஒட்டலில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேறு சட்டி வைப்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன். கோழியைத் திரும்பப் போட்டு மூடி, சிறுதீயில் இருபது நிமிஷம். எலும்பு ஓரத்தில் குத்தினால் வடிகிற நீர் தெளிவாக இருக்கவேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி. இப்போதுதான் கிரீம், அரைப் பெட்டி. இரண்டு நிமிஷம். இறக்கு. பிறகு எலுமிச்சை, அரை மூடி.

திரிந்தே போய்விட்டால்? கோழியை எடுத்து வைத்துவிட்டு, குழம்பை ஆறவிட்டு, நாலு முந்திரியோடு மிக்ஸியில் ஒரு சுற்று. பார்க்க ஒழுங்காகிவிடும். மாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை.

கோழி வேகிறது, ஆனால் பொன்னிறமே வருவதில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கிறது.
- வாசகி, வள்ளியூர்

கழுவின கோழியை ஈரத்தோடு அப்படியே சட்டியில் போடுகிறீர்கள், அதுதான். ஈரம் இருக்கிறவரை சட்டியின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே சரியாகப் போகும். தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும். கறி சிவக்க 140-க்கு மேல் வேண்டும். பழைய வேட்டித்துணி ஒன்றைத் துவைத்து இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளை ஒற்றி எடுங்கள், தோல் காகிதம் மாதிரி உலர்ந்திருக்கவேண்டும்.

அடுத்தது, நெருக்கியடித்துப் போடாதீர்கள். ஆறு துண்டு கொள்ளும் சட்டியில் பத்துப் போட்டால் எல்லாம் சேர்ந்து நீர் விட்டு அவிந்துதான் போகும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

போட்டபின் தொடாதீர்கள். இது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு சிவந்தபிறகு தானே விட்டுக்கொடுக்கும். அதுவரை கரண்டியைக் கொண்டுபோய் நோண்டினால் தோல் சட்டியோடு போய்விடும். ஏழு நிமிஷம் கொடியில் துணி எடுத்துவிட்டு வாருங்கள்.

வெள்ளையா இருந்தா எங்க வீட்டுல அவுக தொடவே மாட்டேங்காக. "காய்ச்சக்காரனுக்கா சமைச்ச?"ங்காக. என்ன செய்ய?
- வாசகி, திசையன்விளை

சொதி மட்டும் என்ன சிவப்பாகவா இருக்கிறது மைனி? அதை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிடுவார்களே! மிளகை ஒன்றிரண்டாக இடித்துக் கடைசியில் தூவுங்கள், பச்சைமிளகாய் நாலைக் கீறி வெங்காயத்தோடு வதக்குங்கள். ஒருவாய் உறைத்துவிட்டால் நிறத்தைப் பற்றிப் பேச்சு வராது. அதற்கும் மசியவில்லை என்றால் அவருக்கு மட்டும் மிளகாய்த்தூளை எண்ணெயில் தாளித்து மேலே ஊற்றிவிடுங்கள்.

யூடியூபில் "டஸ்கன் சிக்கன்" பார்த்தேன். வெயிலில் காய்ந்த தக்காளி, பார்மேசான் சீஸ், ஸ்பினாச் எல்லாம் கேட்கிறார்கள். இதற்காக சென்னைக்கா போக?
- வாசகர், தென்காசி

பேரில்தான் இத்தாலியின் டஸ்கனி இருக்கிறது. பரவினது அமெரிக்க அடுப்படிகளில். எந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள், மாற்று தானே அகப்படும். காய்ந்த தக்காளி கொடுப்பது இனிப்புக் கலந்த புளிப்பு. நாட்டுத்தக்காளியை நாலாக நறுக்கி விதையை நீக்கி, எண்ணெயில் சிறுதீயில் சுருங்கும்வரை விட்டு எடுத்து, இறக்கும்போது சேருங்கள். பார்மேசான் உப்பும் கனமும் கொடுக்கும். நம் கடைச் சீஸ் கட்டி ஒன்றைத் துருவிப் போடலாம். அதில் பிரியாமல் இருக்கவென்றே உப்புகள் சேர்த்திருப்பார்கள், குழம்பைக் கட்டிக் காக்கும். ஆனால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. ஸ்பினாச்சுக்குப் பாலக், இல்லாவிட்டால் அரைக்கீரை ஒரு கைப்பிடி.

நாட்டுக்கோழியில் இதைச் செய்தால் இன்னும் ருசியாக இருக்காதா?
- வாசகி, சங்கரன்கோவில்

இருக்காது. கடைக் கறிக்கோழி ஆறு வாரத்துக் குஞ்சு. இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழி மாதக்கணக்கில் ஓடியாடி இரை பொறுக்கினது. அதன் நரம்பும் சவ்வும் இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சட்டியில் வெங்காயம் இருந்த இடம் தெரியாது. குக்கரில் வேகவைத்து எடுத்துச் செய்யலாம்தான், அப்புறம் அது ஒரே சட்டிச் சமையல் இல்லையே. நாட்டுக்கோழி கிடைத்தால் மிளகு, மல்லி வறுத்து அரைத்துக் குழம்பு வையுங்கள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் குழம்பில் கிரீமை ஊற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஊர் களக்காடு. சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு நான்ஸ்டிக் சட்டி, அவ்வளவுதான். சோறும் அதிலேயே சேர்த்து ஆக்க முடியுமா?
- வாசகர், சென்னை

முடியும் தம்பி. உன் ஆச்சி ஆக்கின கூட்டாஞ்சோறு ஞாபகம் இருக்கிறதா? அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒரே பானையில். அதே கணக்குத்தான்.

கோழி நாலு துண்டைச் சிவக்க வைத்து எடு. வெங்காயம், பூண்டு வதக்கி, ஒரு தம்ளர் சீரகச் சம்பாவைக் கழுவி வடித்துப் போட்டு இரண்டு நிமிஷம் புரட்டு. இரண்டு தம்ளர் வெந்நீர், உப்பு. கொதி வந்ததும் கோழியை மேலே அடுக்கி மூடி, அடுப்பைக் குறைத்துவிடு. பதினெட்டு நிமிஷம் திறக்காதே. அப்புறம் நாலு கரண்டி கிரீமைச் சோற்றின்மேல் பரவலாக விட்டு, அணைத்துவிட்டு மறுபடி மூடி ஐந்து நிமிஷம். கிண்டவேண்டாம், குழைந்துவிடும். உள்ளே கோழி வெந்ததா என்று ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடு. சிவப்பாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிஷம் வை.

நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே காயவிடாதே. 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதைந்து புகை விடும், இண்டக்‌ஷனில் அது சீக்கிரமே வந்துவிடும். எண்ணெய் ஊற்றினபிறகு அடுப்பைப் போடு. எவர்சில்வர் கரண்டி வேண்டாம்.

கோழியைக் கழுவவே கூடாது என்கிறார்களே, மஞ்சள்தூள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.
- வாசகி, மேலப்பாளையம்

எனக்கும் இறங்காது. ஆனால் அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா மாதிரிக் கிருமிகள் இருக்கலாம். கழுவினால் அவை போவதில்லை, வேகும்போதுதான் சாகும். குழாயைத் திறந்துவிட்டு அதற்கடியில் கோழியைப் பிடித்தால் தண்ணீர் தெறித்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டிலும் நறுக்கி வைத்த வெள்ளரிக்காயிலும் போய் உட்காரும். அதனால் நான் செய்வது, ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள்ளே அலசுவது. முடிந்ததும் தொட்டி, கத்தி, பலகை, கை எல்லாம் சோப்புப் போட்டு. சாலட்டுக்கு நறுக்குவதை அதற்கு முன்பே முடித்து எடுத்து வைத்துவிடுவேன்.

பசும்பால் சாமான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தேங்காய்ப்பால் போதுமா? எவ்வளவு?
- வாசகி, பாபநாசம்

தாராளமாக. முற்றின தேங்காய் ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் ஒரு தம்ளர் கெட்டி முதல் பால் வரும். கோழி வேக இரண்டாம் பாலை ஊற்றுங்கள், முதல் பால் கடைசியில். தேங்காய்ப்பால் கொதித்தால் எண்ணெய் மேலே மிதக்கும், அது கெட்டுப்போனது இல்லை, ஆனால் வழவழப்புப் போய்விடும். இஞ்சி ஒரு துண்டு கூடுதலாகத் தட்டிப் போடுங்கள், தேங்காயின் திகட்டலுக்கு அதுதான் மருந்து. வதக்கத் தேங்காய் எண்ணெய் எடுத்தால் இன்னும் நல்லது. வெண்ணெயை மட்டும் மறந்தும் போட்டுவிடாதீர்கள்.

மிச்சம் வந்தால் மறுநாள் சுடவைக்கலாமா? தொட்டுக்கொள்ள என்ன?
- வாசகர், திருநெல்வேலி டவுண்

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்ததென்றால் மறுநாள் வைக்கலாம். கரண்டித் தண்ணீர் தெளித்து, சிறுதீயில், கிண்டிக்கொண்டே, நடுவரை நன்றாகச் சுடவேண்டும். ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே கிடந்ததைச் சுடவைத்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள ரொட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் இடியாப்பம், இல்லாவிட்டால் ஆப்பம். அதற்கு மாவு இல்லாத நாளில் வீட்டுக்காரர் போய் நாலு பரோட்டா வாங்கிவருவார், சால்னா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பாராம்.