சும்மா இருப்பதை ஏன் நோண்ட வேண்டும்? மார்பகப் பரிசோதனைக்கு வர மறுக்கும் அம்மா

கேள்வி: எனக்கு வயது 31. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, மார்பகப் புற்றுநோயால் போன ஆண்டு இறந்துவிட்டார். 44 வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு எட்டு மாதம் முன்பே குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அம்மாவுக்கு இப்போது 53. மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கலாம் என்று கூப்பிட்டால், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, சும்மா இருக்கறத எதுக்குக் கண்ணு நோண்டோணும்?" என்கிறார். அந்தக் கதிர் பட்டே புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வேறு வந்திருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறோம், இந்த நேரத்தில் யாராவது பார்த்தால் என்ன பேசுவார்கள் என்ற பயமும் உண்டு. எப்படிச் சம்மதிக்க வைப்பது? நானும் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: உங்கள் அம்மாவின் கேள்விக்கான பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஸ்கிரீனிங் எனப்படும் இந்தப் பரிசோதனை ஏற்பட்டதே அறிகுறி இல்லாமல் சும்மா இருப்பவர்களுக்காகத்தான். கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகு எடுப்பதற்குப் பெயர் ஸ்கிரீனிங் இல்லை. அது நோயைக் கண்டறியும் வேலை, அதன் வழியும் அவசரமும் வேறு. கட்டி கைக்குத் தெரியும் அளவுக்கு வளரப் பல நேரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைவெளியில் பிடிப்பதற்குத்தான் ஒன்றுமில்லாதபோது வாருங்கள் என்கிறோம்.

சித்தி செய்ததை நினைத்து அவர்மீது வருத்தப்படாதீர்கள். வலி இல்லை என்பதால் கட்டியைக் கவனிக்காமல் விடுவது எங்கள் ஓ.பி.யில் தினமும் கேட்கும் கதை. மார்பகத்தில் வலி என்று பதறி வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மாதவிலக்கை ஒட்டிய வீக்கம், தசைப்பிடிப்பு, இறுக்கமான உள்ளாடை என்று ஏதாவது இருக்கும். புற்றுநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலித்திருந்தால் உங்கள் சித்தி மறுநாளே வந்திருப்பார்.

சரி, அம்மாவை எப்படி அழைத்துப் போவது? மாமோகிராம் என்ற பேச்சையே முதலில் எடுக்காதீர்கள் என்பேன். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின், பில் என்று அவர் மனதில் ஓடுவதை நிறுத்த முடியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கும். பிரஷர், சர்க்கரை பார்க்கும் அதே இடம்தான். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் அங்கேயே நர்ஸ் பரிசோதிப்பார், காசு கிடையாது. 2023 கடைசியில் அரசு நான்கு மாவட்டங்களில் வீட்டுக்கே அழைப்புச் சீட்டு கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் உங்கள் ஈரோடும் ஒன்று. அந்தச் சீட்டு உங்கள் வீட்டுக்கும் வந்து, காலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடக்கலாம், பாருங்கள்.

அங்கே நடப்பது இவ்வளவுதான். திரை மறைவில் உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, தோல் எங்காவது குழிந்திருக்கிறதா, காம்பு ஒரு பக்கம் மட்டும் உள்ளே இழுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு படுக்க வைத்து, நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே கழுத்தெலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை போவார். அக்குளையும் விடமாட்டார். பத்து நிமிடம் ஆகும்.

"கையால் தடவிப் பார்த்து என்ன தெரிந்துவிடும்?" என்று அடுத்த கேள்வி வரும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரையான ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரை, பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். அந்தப் பணியாளர்கள் டாக்டர்கள் அல்ல, அவர்களிடம் மெஷினும் இல்லை. இருபது ஆண்டு பின்தொடர்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதைக் கடந்த பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழ் அப்படிக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு 53. கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது.

அந்த நர்ஸிடம் ஒருமுறை போய் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அதன் பிறகு மாமோகிராம் பேச்சை எடுங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறு. இந்திய அரசின் 2016 வழிகாட்டுதல் 30 முதல் 65 வயதுவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்கிறது. நம்மிடம் இருக்கும் ஆள்பலத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது, என்னைக் கேட்டால் இடைவெளி அதிகம். அமெரிக்காவின் தடுப்புப் பரிந்துரைக் குழு 2024இல் 40 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாமோகிராம் என்றது. உங்கள் அம்மாவுக்குச் சொந்தத் தங்கையே 44இல் நோய்ப்பட்டிருப்பதால், நான் ஆண்டுக்கு ஒருமுறை என்றுதான் எழுதிக்கொடுப்பேன்.

கதிர் விஷயம். மாமோகிராமில் உடம்பில் படுவது சுமார் 0.4 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு). வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே மண், கல், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்து ஒவ்வொருவர்மீதும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் படுகிறது. அதாவது இரண்டு மாதம் சும்மா இருந்தால் படுவதுதான் இந்தப் படம் எடுக்கும்போதும் படுகிறது. வாட்ஸ்அப் செய்தியை எழுதியவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

மெஷின் முன்னால் நடப்பதையும் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், போன பிறகு திடுக்கிடக் கூடாது. நின்றபடி, ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, சில விநாடி அழுத்திப் பிடிப்பார்கள். மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, மொத்தம் நான்கு படம். வலிக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அழுத்தினால்தான் படம் தெளிவாக வரும், கதிரும் குறைவாகப் போதும். மாதவிலக்கு இன்னும் வருகிறதென்றால், அது முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறையும். இடுப்புக்கு மேலே மட்டும் கழற்றினால் போதும் என்பதால் சேலை வசதி. நைட்டி மாதிரி மேலும் கீழும் ஒரே துணியான உடை வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று பளிச்சென்று பவுடர் பூசிக்கொண்டு போவது நம் அம்மாக்களின் வழக்கம். அன்று பவுடரும் சென்ட்டும் வேண்டவே வேண்டாம். பவுடர் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து சுண்ணாம்புப் படிவம் போலத் தெரியும், புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாக நாங்கள் தேடுவதே அந்தப் புள்ளிகளைத்தான்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்காதது: தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா? படத்தின் குறுக்கே விழக் கூடாது, அவ்வளவுதான். முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அடியில் பைராட்ஸ் (BI-RADS) என்று போட்டு ஓர் எண் இருக்கும், படத்தில் தெரிந்ததைத் தரம்பிரிக்கும் எண் அது. 1 என்றால் இயல்பு. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதாரணமானது. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழ், ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாரும் சறுக்குவது 0 என்ற எண்ணில்தான். என்னிடம் வந்த ஓர் அம்மா 0 போட்ட ரிப்போர்ட்டைப் பீரோவில் ஓர் ஆண்டு பத்திரமாக வைத்திருந்தார். "ஜீரோன்னா ஒண்ணுமில்லைன்னுதானே டாக்டர்?" என்றார். இல்லை. 0 என்றால் இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, கூடுதல் படமோ அல்ட்ராசவுண்டோ வேண்டும் என்று பொருள். நல்லவேளை, அவருக்கு வெறும் நீர்க்கட்டி.

அப்படித் திரும்பக் கூப்பிடுவது சகஜம் என்பதைப் போகும் முன்பே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அமெரிக்கக் கணக்கில் நூறு பேருக்குச் சுமார் பத்துப் பேரைக் கூடுதல் படத்துக்கு அழைக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. வீண் அலைச்சலும் இரண்டு நாள் தூக்கக் கெடுதியும் இந்தப் பரிசோதனையோடு சேர்ந்தே வருகின்றன. ஒருபோதும் தொல்லை தந்திருக்காத சிறு கட்டிகளும் சில நேரம் இதில் பிடிபட்டு வைத்தியத்துக்கு உள்ளாகின்றன. 53 வயதில், இப்படி ஒரு குடும்பக் கதையோடு, லாபமே கூடுதல் என்பது என் முடிவு. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அதனால் நோய் முற்றுவதில்லை. ஊசிக்குப் பயந்து காத்திருப்பதில்தான் முற்றுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாமோகிராம் இயல்பு என்று வந்தும் கையில் கட்டி தெரிந்தால், ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. ஏறத்தாழ எட்டில் ஒரு புற்றுநோய் படத்துக்குத் தப்பிவிடுகிறது. புதிதாகக் கட்டி, தோல் ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, காம்பில் ரத்தக் கசிவு, காம்பில் ஆறாத சொறிபுண், அக்குளில் நெறி கட்டுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அந்த வாரமே சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

வரன் விஷயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அம்மாவின் உண்மையான பயம் அதுவாகத்தான் இருக்கும், கதிர் என்பது சாக்கு. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். பரிசோதனைக்குப் போவதை ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை, பிரஷர் பார்க்கும் அதே வரிசையில்தான் நிற்கப்போகிறார். சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் சிகிச்சை கொடுத்தாலே போதும். பொருத்தமானவர்களுக்கு இரண்டிலும் ஆயுள் ஒன்றுதான் என்று இருபது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகள் 2002லேயே காட்டிவிட்டன. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். இல்லையென்றால், வருமான வரம்புக்குள் வந்தால், எடுத்துவிடலாம்.

இனி நீங்கள். 31 வயதில், அறிகுறி எதுவும் இல்லாமல், மாமோகிராம் வேண்டாம். இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அம்மாவோடு போய் அதே நர்ஸிடம் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். "எனக்குத் துணைக்கு வாங்கம்மா" என்று அழைத்தால் அவர் மறுக்காமல் கிளம்பவும் கூடும். அதற்கு முன் வீட்டில் ஒரு விசாரணை நடத்துங்கள்: அமுச்சி (அம்மாவின் அம்மா), பெரியம்மா, அமுச்சியின் கூடப்பிறந்தவர்கள், மாமன்மார் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா? பழைய காலத்தில் "வயித்துல கட்டி வந்து போய்ட்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள், அது சினைப்பையாக இருந்திருக்கலாம். அப்பா வழியையும் கேளுங்கள், இந்த இரண்டு புற்றுநோய்க்கும் வழிவிடும் மரபணுக் கோளாறு ஆண்கள் வழியாகவும் இறங்கும். சித்திக்கு 44 வயதிலேயே வந்ததால் அந்தக் கோளாறைக் கண்டறியும் பிராக்கா (BRCA) மரபணுச் சோதனை பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் பேசலாம். அதிலும் முதலில் உங்களுக்கு இல்லை, அம்மாவுக்கு. அவரிடம் அந்தக் கோளாறு இல்லையென்றால் அவர் வழியாக உங்களுக்கோ தங்கைக்கோ வந்திருக்க முடியாது.

லேப் பேக்கேஜ்களில் "கேன்சர் மார்க்கர்" என்று ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து விற்கிறார்கள். சிஏ 15-3 என்ற அது ஆரம்ப நோயைக் கண்டுபிடிக்க உதவாது. கதிரே இல்லை என்று விளம்பரமாகும், உடம்புச் சூட்டை வைத்து எடுக்கும் வெப்பப் படமும் மாமோகிராமுக்கு மாற்று அல்ல. இரண்டுக்கும் காசைக் கொட்ட வேண்டாம்.

மாமோகிராமுக்கு நேரம் வாங்கப் போன் செய்யும்போது, படம் எடுப்பது பெண் டெக்னீஷியனா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பெண்தான், ஆனாலும் கேட்டுச் சொன்னால் அம்மாவுக்குத் தெம்பு. எடுத்த ஃபிலிமையும் சிடியையும் மடக்காமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு போகும்போது ரேடியாலஜிஸ்ட் முதலில் கேட்பது அதைத்தான்.