மன்றாட்டுக் கொப்பியில் யாருடைய பெயர்?

ஞாயிறு ஆராதனையில் சபையாருக்காகவும் உலகத்துக்காகவும் ஏறெடுக்கும் மன்றாட்டைப் பற்றிக் கேள்வி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி கேள்விகள், மீதி முறைப்பாடுகள். முறைப்பாடுகளையும் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டேன். பதில் சொல்லும் நான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபை ஒன்றில் மன்றாட்டுக் கொப்பி எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இறையியல் பிழை கண்டால் குருமார் எழுதட்டும். அவர்கள் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்புவேன்.

ரீச்சர், எங்கள் சபையில் மன்றாட்டு நேரம் வந்தால் கனடா விசா, லண்டன் வதிவிட அனுமதி, பிரான்சில் அகதி வழக்கு என்று ஒரே வெளிநாட்டுப் பட்டியல். கடவுளைத் தூதரகத்தில் வேலைக்கு அமர்த்தியதுபோல் இருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?
*மானிப்பாய் வாசகர்*

நிறுத்தச் சொல்லாதீர்கள் ஐயா. உங்கள் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மனிதர் வளவை ஈடு வைத்து மகனை அனுப்பியிருப்பார். வழக்குத் தள்ளுபடியானால் மகனும் இல்லை, வளவும் இல்லை. அந்தப் பயத்தை ஆலயத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வார்? ஆனால் ஒருவர் கோப்பு இலக்கத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லித் துண்டு தந்தார். இலக்கத்தை நான் வாசிக்கவில்லை. கடவுளுக்கு அது தெரியும், சபைக்கு அது வேண்டாம்.

என் குறை வேறு. விசா கிடைத்ததும் ஸ்தோத்திரம் சொல்லிப் பெயரை வெட்டிவிடுகிறோம். அங்கேதான் மன்றாட்டுத் தொடங்கவேண்டும். நான்கு அறை வீட்டில் தாய் தனியே இருக்கிறாள். இரவில் நெஞ்சு அடைத்தால் படலை திறந்து வர ஆள் இல்லை. பணம் வருகிறது, எரிவாயுச் சிலிண்டரைத் தூக்கி வைக்கத்தான் ஒருவரும் வருவதில்லை. ஆகவே எங்கள் கொப்பியில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறேன். இடப்பக்கம் போனவர் பெயர், வலப்பக்கம் வீட்டில் இருப்பவர் பெயரும் ஒழுங்கையும். ஞாயிறு இரண்டையும் வாசிப்போம். வலப்பக்கத்துப் பெயரைக் கேட்டவர்களில் யாராவது ஒருவர் அந்த வாரத்தில் அங்கே போய் வரவேண்டும். போனவர் யார் என்று அடுத்த ஞாயிறு கேட்பேன். அதனால் மன்றாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

என் கணவருக்குப் புற்றுநோய் என்று உறுதியான அடுத்த ஞாயிறே, எங்களைக் கேட்காமல் மன்றாட்டில் நோயின் பெயரோடு அறிவித்துவிட்டார்கள். மாலைக்குள் ரொறன்ரோவிலிருந்து மூன்று பேர் தொலைபேசியில் அழுகிறார்கள். அவர் அன்றிலிருந்து ஆலயத்துக்கு வர மறுக்கிறார். சபைமேல் கோபப்படுவது பாவமா?
*உடுவில் வாசகி*

பாவமில்லை அக்கா. அவருடைய நோய் அவருடையது. சபை அதை அவர் கையிலிருந்து எடுத்து ஊருக்குக் கொடுத்திருக்கிறது. 'செபத்துக்காகத்தான் சொன்னோம்' என்று சொல்வார்கள். ஒழுங்கை முகப்பில் சொன்னால் வம்பாகும் செய்தி, ஆலயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் வம்புதான்.

எங்கள் சபையில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன், உங்கள் குருவிடம் காட்டுங்கள். நோயாளியிடமே கேட்கவேண்டும், மனைவியிடமோ மச்சானிடமோ கேட்டால் போதாது. சம்மதித்தால் பெயர் மட்டும். நோயின் பெயர், வைத்தியசாலையின் பெயர், வாட்டு இலக்கம் ஒன்றும் வேண்டாம். புற்றுநோய் வைத்தியசாலை இருப்பது மகரகமவில். 'மகரகமவுக்குப் போய் வருகிறார்' என்று ஒரு வரி சொன்னாலே என்ன நோய் என்று யாழ்ப்பாணம் முழுவதற்கும் விளங்கிவிடும். பெயரும் வேண்டாம் என்றால் 'எங்களில் நோயுற்றிருப்பவர்கள்' என்று சொல்லி, அரை நிமிடம் மௌனமாக இருக்கிறோம். அந்த அரை நிமிடத்தில் யார் யாரை நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

உங்கள் கணவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியது குரு. மூப்பரை அனுப்பாமல் அவரே வீட்டுக்கு வரவேண்டும். அதுவரை அவரை ஆலயத்துக்கு வா என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள்.

மற்றவர்கள் செபித்தால் நோயாளி குணமாவதில்லை என்று அமெரிக்காவில் ஆய்வு செய்து காட்டிவிட்டார்களே. பிறகும் ஏன் இந்தப் பட்டியல்?
*பருத்தித்துறை, பல்கலைக்கழக மாணவன்*

தம்பி, அந்த ஆய்வு 2006இல் வெளியானது. இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர், ஆறு வைத்தியசாலைகள். தமக்காகச் செபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவுகளில், செபம் பெற்றவர்களில் 52 வீதமானோருக்குச் சிக்கல்கள் வந்தன. பெறாதவர்களில் 51 வீதம். உனக்காக நிச்சயம் செபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 வீதம். 'எனக்காக ஆள் வைத்துச் செபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா' என்ற கலக்கம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள். உடுவில் அக்காவின் கடிதத்தைப் படித்தபின் அந்த 59 எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இதற்கும் முன்பே, 1872இல், பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் அரசர்களின் ஆயுளைக் கணக்குப் பார்த்தார். ஆலயம் ஆலயமாக அரசருக்கு நீடித்த ஆயுள் கேட்கிறார்களே, கிடைத்ததா என்று பார்த்தால், வசதி படைத்த மற்றவர்களைவிட அரசர்கள் குறைவாகவே வாழ்ந்திருந்தார்கள்.

ஆய்வில் ஓட்டை தேடி நான் தப்பப்போவதில்லை. கேட்டது கேட்டபடி கிடைக்கும் என்று மைக் பிடித்துச் சொல்லி, காணிக்கை உறையும் நீட்டுகிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லட்டும். எனக்கு அந்த ஆய்வில் கண்ணில் பட்டது வேறொன்று. செபித்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும். சொல்லவேண்டிய வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகவில்லை, இரத்தம் கொடுக்கவில்லை, இரவு வாட்டில் நிற்கவில்லை. ஆய்வு செய்யவேண்டியவர்கள் அப்படித்தான் பிரித்து வைக்கவேண்டும், அது அவர்கள் தொழில். சபையில் அப்படிப் பிரிக்க எனக்குத் தெரியாது. கொப்பியில் பெயர் ஏறியபின் எத்தனை பேர் குணமானார்கள் என்று நான் எழுதி வைப்பதில்லை. யார் போய்ப் பார்த்தார்கள் என்று மட்டும் எழுதுகிறேன். குணமாக்குவது கடவுளின் வேலை. அதற்கு நான் புள்ளி போடுவதில்லை.

2009 மே மாதத்தில், யுத்தம் முடிந்தபோது, என் மகன் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் ஆலயத்தில் அவன் பெயரை மன்றாட்டில் வாசிப்பார்கள். இந்த நவம்பரில் இறந்தோரை நினைவுகூரும் ஆராதனையில் வாசித்துவிட்டார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நான் செய்தது சரியா?
*கிளிநொச்சித் தாய்*

சரி அம்மா.

இதை மற்ற வாசகர்களுக்கும் விளக்கவேண்டும். கத்தோலிக்கர் இறந்தோருக்காக மன்றாடுவார்கள், நவம்பர் 2 அதற்கென்றே உள்ள நாள். எங்கள் சபைகளில் அந்த வழக்கம் இல்லை. இறந்தவர்களுக்காக நன்றி கூறுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனால் எங்களிடம் ஒரு பெயரை மன்றாட்டிலிருந்து எடுத்து நன்றிக்கு மாற்றுவது மரணச் சான்றிதழ் எழுதுவதற்குச் சமம். அந்தச் சான்றிதழை வாங்க மறுத்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத்தான் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரப் பந்தலில் இருந்தார்கள். பந்தலில் மறுத்ததை ஆலயத்தில் அவர்கள் கையில் திணிக்கக் கூடாது.

புதிய குரு வந்து பழைய பட்டியலைத் துப்புரவாக்க நினைத்திருப்பார். கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் இந்தப் பட்டியலைத் துப்புரவாக்க அவருக்கு உரிமை இல்லை. அவரிடம் போய்ப் பெயரைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். தனியே போக மனமில்லாவிட்டால் இன்னொரு தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'உயிரோடு இருந்தால்' என்றோ 'எங்கிருந்தாலும்' என்றோ ஒன்றும் சேர்க்கவேண்டாம். பெயரும், யாருடைய பிள்ளை என்பதும் போதும்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயரில் எதைக் கேட்பது என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். என்ன நடந்தது என்ற உண்மையைக் கேளுங்கள். அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாய் திறக்கவேண்டும் என்று கேளுங்கள். தேடிய தாய்மாரே ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபின் அந்தப் பெயர்களைச் சொல்ல வேறு வாய் இருக்காது. ஆகவே தாய் இறந்தாலும் பிள்ளையின் பெயரை வெட்டுவதில்லை என்று ஒவ்வொரு சபையும் தீர்மானமாக எழுதி வைக்கவேண்டும்.

நாங்கள் கடற்றொழிலாளர்கள், கத்தோலிக்கர். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் படகில் இருப்பவர்களும் அந்தோனியார் பக்தர்கள்தான். இரண்டு பக்கத்தாரும் மன்றாடினால் யாருக்குச் செவிகொடுப்பார்?
*குருநகர் வாசகர்*

கச்சதீவுத் திருவிழாவில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே நடக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே சிலுவைப்பாதையில் நடக்கிறார்கள், ஒரே அந்தோனியார் முன் முழந்தாளிடுகிறார்கள். அடுத்த திங்கள், புதன், சனி இரவுகளில் வலை அறுபடுகிறது.

அவர்கள் வராமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதும், வலை நிறைய வேண்டும் என்று அவர்கள் கேட்பதும் மோதுகின்றன. ஆனால் அந்தப் படகில் கூலிக்கு ஏறுகிறவனும் படகின் முதலாளியும் ஒருவர் அல்லர். பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவன் பெரும்பாலும் கூலிக்காரன். முதலாளி கரையில் இருக்கிறார். அடிமடி இழுவை இலங்கையில் 2017 முதல் சட்டப்படி தடை. கடலின் அடித்தளத்தையே அது வழித்தெடுத்துவிடுவதால் இரு கரையாருடைய பிள்ளைகளுக்கும் மீன் இருக்காது. ஆகவே உங்கள் விசுவாசிகள் மன்றாட்டில் இழுவைமடி ஒழியவேண்டும் என்று பச்சையாகவே கேளுங்கள். 'மீனவர் பிரச்சினை சுமுகமாகத் தீர' என்று மழுப்பவேண்டாம். அதே மூச்சில் சிறையில் இருக்கும் கூலிக்காரனின் வீட்டுக்காகவும் ஒரு வரி சொல்லுங்கள். அறுந்த வலையைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைச் சொல்வது கடினம் என்று தெரியும். நான் கடலுக்குப் போகிறவள் அல்ல, ஆகவே இதற்குமேல் உபதேசம் செய்ய மாட்டேன்.

எங்கள் பாடே பெரும்பாடு. காசாவுக்கும் உக்ரேனுக்கும் சூடானுக்கும் ஏன் மன்றாடவேண்டும்?
*சாவகச்சேரி வாசகர்*

1995 ஜூலை 9இல் நவாலியில் புனித பேதுரு ஆலயத்திலும் சுற்றிலும் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஒக்டோபர் 19இல் காசாவில் புனித பொர்பீரியஸ் ஆலய வளவில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்தது. ஆலயத்துக்குள் போனால் தப்பலாம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது என்ன என்று உலகத்தில் சிலருக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியும்.

மார்ச் முதல் வெள்ளியன்று வரும் பெண்களின் உலக செப நாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுகிறார்கள். 2024க்கு உரியதை எழுதியவர்கள் பலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள். அவர்களுடைய முறை எப்போதோ திட்டமிடப்பட்டது. அந்த நாள் வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நாடுகளின் பெயரை வரிசையாக ஒப்பிப்பது எனக்கும் பிடிக்காது. ஒரு ஞாயிறுக்கு ஒரு நாடு போதும். அங்கே என்ன நடக்கிறது என்று படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஜனாதிபதிக்காகவும் அமைச்சர்களுக்காகவும் மன்றாட எனக்கு வாய் வரவில்லை.
*தெல்லிப்பழை வாசகி*

அரசர்களுக்காக மன்றாடும்படி தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் சொல்கிறது. அதைக் கேட்ட சபைக்கு வாக்குரிமையும் இல்லை, உரோம அரசனைப் பிடித்திருக்கவும் நியாயமில்லை. மன்றாடுவது வாழ்த்துரை அல்ல. 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்கில் விட்டுவந்த காணிகளில் இராணுவத்திடமிருந்து இன்னும் திரும்பக் கிடைக்காதவை இருக்கின்றன. ஜனாதிபதியின் பெயரையும் அந்தக் காணிகளையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், வாய் வரும்.

மன்றாட்டு எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்?
*சுன்னாகம்*

ஐந்து நிமிடம். பிரசங்கத்தில் மறந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு தொடரும் குருமாருக்கு மூன்று.

உயர்தரப் பரீட்சை எழுதும் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் முதலிடம் பெற மன்றாடலாமா?
*கொக்குவில் தாய்*

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பதே ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு வைத்து அளப்பது. எல்லாரும் முதலிடம் என்றால் கடவுளுக்கே கணக்கு உதைக்கும். நித்திரை, பயமின்மை, மின்வெட்டு இல்லாத இரவு இவற்றைக் கேளுங்கள். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளின் பெயரைப் பெறுபேறு வந்த வாரம் வாசியுங்கள். அந்த வாரம் அவர்களை யாரும் நினைப்பதில்லை.

பக்கத்து வீட்டுச் சைவ அம்மா தன் பேத்தியின் பெயரை எங்கள் கொப்பியில் எழுதச் சொல்கிறார். எழுதலாமா?
*திருநெல்வேலி வாசகி*

எழுதுங்கள். மதம் மாறுவாரா என்று பார்த்துக்கொண்டு எழுதவேண்டாம். நல்லூரில் ஒரு ரூபாய்ச் சிட்டை வாங்கி உங்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன் என்று அவர் திருநீறோடு வந்து நின்றால், முகத்தைச் சுளிக்காமல் தேநீர் போட்டுக் கொடுங்கள்.