பெரிய ஓவியரின் படத்தைப் பார்த்து வரைந்தே ஆயில் போர்ட்ரெய்ட் கற்றுக்கொள்ள முடியுமா? அது காப்பி ஆகாதா?

தாராளமாக முடியும். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1879-ல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கேஸின் படங்களைப் பார்த்து வரைந்தார், அதற்கு முன்பே பாரிசில் சார்ஜென்டின் சொந்தப் படங்கள் கண்காட்சிக்கு வந்துவிட்டன. கேன்வாஸின் பின்பக்கம் யாருடைய எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள், திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

எந்தப் படம் என்பதுதான் முக்கியம். என்னைக் கேட்டால் வெலாஸ்கேஸ் 1650-ல் ரோமில் வரைந்த ஹுவான் டி பரேஹாவின் படம். பரேஹா அவரிடம் அடிமையாக இருந்தவர், அவரும் ஓவியர், அதே ஆண்டு நவம்பரில் வெலாஸ்கேஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இப்போது படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவர்கள் தளத்திலேயே பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதை நான் சொல்வதற்குக் காரணம் அந்த மாநிறம். ரோஸ் நிறத் தோலுக்கான கலவையை வீடியோவில் கற்றுக்கொண்டு, அப்பா முகத்தை வரையும்போது அதிலேயே பிரவுனைச் சேர்த்துக்கொண்டே போனால் முகம் செத்துவிடும். நம்மவர்கள் இப்படித் தடுமாறுவதைப் பார்க்கவே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முழுப் படத்தையும் எடுக்காதீர்கள், தலையும் வெள்ளைக் காலரும் போதும். கேன்வாஸில் முதலில் ரா அம்பர் என்ற பழுப்பு பெயின்டை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசி, துணியால் துடைத்துவிட்டு, அதே அம்பரால் நிழல்களை மட்டும் வையுங்கள். இந்தக் கட்டத்தில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் ஒட்டி, கண்ணைச் சுருக்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒளியும் இருளும் இங்கே சரியாக விழவில்லை என்றால் மேலே எந்த வண்ணம் போட்டாலும் முகம் நிற்காது, அதனால் அவசரமே வேண்டாம். காய்ந்ததும் வண்ணம்.

வண்ணத்துக்கு வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), இந்த நான்கு ட்யூப் போதும். ஆக்கரில் கறுப்பு கலந்தால் பச்சை தட்டும், வெள்ளையில் கலந்தால் நீலம் தட்டும் சாம்பல் வரும். மாநிறத் தோலின் உயிரே அந்தச் சாம்பல்தான். பரேஹாவின் நெற்றியில் ஒளி விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே பெயின்ட் கெட்டியாக நிற்கிறது, நிழலில் மெலிந்துவிடுகிறது. தாடி எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, கன்னத்தோடு கலந்துவிட்டிருக்கும். காலர் லேஸும் கிட்டத்தில் வெறும் வெள்ளைத் தீற்றல்கள்தான், நான்கடி தள்ளி நின்றால் நூல் நூலாகத் தெரியும். இதையெல்லாம் ஆயிரம் முறை பார்த்தாலும் கை பழகாது, அதே தீற்றலைப் போட முயலும்போதுதான் பிரஷ்ஷில் எவ்வளவு பெயின்ட் எடுத்திருப்பார், எந்த வேகத்தில் இழுத்திருப்பார் என்று கைக்குப் பிடிபடும்.

அப்புறம் ஒன்று: அடி அடுக்கில் டர்பன்டைன், மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

பிரதி முடிந்ததும் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த மாஸ்டரைத் தேடிப் போகாதீர்கள். வீட்டில் பொறுமையாக உட்காரக்கூடிய யாரையாவது ஜன்னலோரம் உட்கார வைத்து, அதே நான்கு ட்யூபில், அதே வரிசையில், அந்த முகத்தை வரையுங்கள்.