ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. மூன்று முறை கரு கலைந்துவிட்டது. முதல் இரண்டும் 7, 8 வாரத்தில், கடைசியாக 11 வாரத்தில். தை கடைசியில் மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஆன்டி கார்டியோலிப்பின் ஐஜிஜி 28, ஏஎன்ஏ 1:80 பாசிட்டிவ் என்று வந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார் டாக்டர். இன்னோர் இடத்தில், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி உடனே போட வேண்டும், லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். என் அத்தையோ, "இவ ரத்தமே பிள்ளைக்கு ஆகாதாம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: அந்த லட்ச ரூபாய் ஊசியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தங்கச்சி. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதை வழக்கமான சிகிச்சையாக யாரும் பரிந்துரைப்பதில்லை. திரும்ப எடுக்கச் சொன்ன டாக்டர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஏஎன்ஏ என்பது நம் உடம்பின் செல்களையே எதிர்க்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் வந்த 1:80ஐ நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நோயும் இல்லாமல் நடமாடும் நூறு பேருக்கு எடுத்தால் பத்துப் பேருக்காவது அப்படி வரும். மூட்டு வலி, தோல் தடிப்பு, முடி கொத்தாகக் கொட்டுவது மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது, ரிப்போர்ட்டில் ஆன்டி கார்டியோலிப்பின் என்று வந்திருக்கும் ஆன்டிபாடி. கருச்சிதைவோடு தொடர்பு உறுதியான ஆன்டிபாடிகள் மூன்று: இது ஒன்று, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஒன்று, பீட்டா 2 கிளைகோபுரோட்டீனுக்கு எதிரானது ஒன்று. நஞ்சுக்கொடி உருவாகும்போது அதன் செல்கள் கருப்பைச் சுவரில் வேர் பிடிக்க வேண்டும். இந்த ஆன்டிபாடிகள் அந்தச் செல்களில் ஒட்டிக்கொண்டு வேர் பிடிப்பதைக் கெடுக்கும், அழற்சியைக் கிளப்பும், ரத்தமும் உறையலாம். மூன்று சிதைவு, அதில் ஒன்று 10 வாரம் தாண்டி என்பதால் உங்களுக்கு இதைத் தேடிப் பார்த்தது நியாயமே.

ஆனால் 28 என்பது குறைந்த அளவு. பொதுவாக 40க்கு மேல் இருந்தால்தான் உறுதியாகக் கணக்கில் எடுப்போம். சாதாரண வைரஸ் காய்ச்சல் வந்து போனாலும் கொஞ்ச நாள் ஏறி இறங்கும். அதனால்தான் 12 வார இடைவெளி. உங்கள் கணக்குக்கு அது சித்திரைத் திருவிழா வாக்கில் வரும். அப்போது மூன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மற்ற இரண்டும் எடுத்ததாகத் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி ஆரம்பித்த பிறகு எடுத்தால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவு குழம்பும், முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது முறையும் பாசிட்டிவ் என்றால்? கரு கலைவதற்கான காரணங்களில் மருந்து உள்ள வெகுசிலவற்றில் இது ஒன்று. தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் வயிற்றுத் தோலுக்கடியில் ஹெப்பாரின் ஊசி. ஹெப்பாரின் குழந்தைக்குப் போகாது. இப்படிச் சிகிச்சை எடுப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் நீலம் பாய்வது சகஜம். பிரசவம் ஆனதும் நிறுத்திவிடாமல் ஆறு வாரம் வரை தொடரச் சொல்லலாம்.

நெகட்டிவ் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஆரம்ப மாதச் சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் வருபவை. தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, உங்கள் இருவரின் குரோமோசோம் எல்லாம் பார்க்கலாம். இருவரின் என்பதை உங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் அழுத்திப் படிக்கட்டும்! செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மகப்பேறு பிரிவுக்கு எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அத்தையிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அது உங்கள் வீட்டுக்காரர் வேலை. அடுத்த முறை டாக்டரிடம் அத்தையையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். "ரத்தம் ஆகாது" என்பது மருத்துவத்தில் இல்லாத பேச்சு என்று டாக்டர் வாயால் கேட்கட்டும்.

இரண்டாவது ரிப்போர்ட் வரும் வரை கர்ப்பம் தள்ளிப்போட ஆணுறையே போதும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம், ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். ஃபோலிக் ஆசிட்டை நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடுவில் நாள் தள்ளிப்போனால் 12 வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.