உங்கள் ஏற்காடு எஸ்டேட்டில் உள்ள பழைய மண்கரைக் குட்டையை ‘அதிக அபாயம்’ என்று எழுதிவிட்டார்கள். 6 மீட்டர் கரை, விரிசல்கூட இல்லை. பிறகு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரையின் நிலைமைக்கும் அபாயப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிவைப் போடுவார்கள். ஓடையோரம் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் புதிதாக வந்த காட்டேஜ்களும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதும்; நேற்றுக் கட்டிய கரையாக இருந்தாலும் ‘அதிகம்’தான். அங்கே வெறும் காப்பிச் செடி நின்ற காலத்தில் இதே குட்டை ‘குறைவு’ என்று இருந்திருக்கும்.

ஹவாயில் 2006 மார்ச்சில் உடைந்த கா லோகோ தனியார் மண் அணையும் ‘குறைந்த அபாயம்’ பட்டியலில்தான் இருந்தது. 7 பேர் இறந்தார்கள். உபரி நீர் வழியை மண் போட்டு மூடியிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது.

நம் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளில் வருபவற்றுக்கும்தான். உங்கள் குட்டை அதில் வராது. அதனால் யாரும் வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

முதலில் கலிங்கை, அதாவது உபரி நீர் வழிந்து போகும் வாயை, அளந்து பாருங்கள். 50 ஏக்கர் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது, மணிக்கு 75 மி.மீ. மழை, அதில் பாதி ஓடி வருகிறது என்றால் நொடிக்குச் சுமார் 2 கன மீட்டர். கலிங்கின் மேல் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போனால் ஒரு மீட்டர் அகலத்தில் 0.6 கன மீட்டர்தான் வெளியேறும். ஆக மூன்றரை மீட்டர் அகலம் வேண்டும். பல எஸ்டேட்களில் இரண்டடி வாய்தான் இருக்கிறது. அதிலும் மீன் தப்பாமல் வலை கட்டுவார்கள், கோடைக்குத் தேக்க மணல் மூட்டை அடுக்குவார்கள். இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். மண்கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். கலிங்கு மட்டத்துக்கு மேல் கரை எல்லா இடத்திலும் ஒரு மீட்டராவது இருக்கிறதா என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பாருங்கள், நடுவில்தான் அமுங்கியிருக்கும்.

அடுத்தது கசிவு. கரையின் வெளிப்பக்க அடியிலும், மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றியும் பாருங்கள். கசிவு நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது. ஊற்று வாயைச் சுற்றி எறும்புப் புற்று போல மண் வளையம் தெரிந்தாலும் அதே அர்த்தம். களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைக்கவே கூடாது. தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். மணல், அதன்மேல் சல்லி என்று பரப்பினால் தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். கூடவே நீர்மட்டத்தை நாளுக்கு ஓரடி வீதம் இறக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் உள்பக்கச் சரிவு ஈரக் கனத்தில் சரியும். கசிவு நீரின் கலங்கல் ஒவ்வொரு மணி நேரமும் கூடிக்கொண்டே போனால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் திறந்துவிடலாம்.

கரை மேல் சில்வர் ஓக் நின்றால் வெட்டிவிட்டு வேரை விட்டுவிடக் கூடாது. வேர் மக்கிய இடம் தண்ணீருக்குக் குழாய். குட்டையை இறக்கியபின் வேரோடு தோண்டி, 15 செ.மீ. அடுக்குகளாக ஈரக் களிமண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் லைன் வீடுகள், காட்டேஜ்களின் போன் எண்களையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐயும் வாட்ச்மேனிடம் எழுதிக் கொடுங்கள். கசிவு நீர் கலங்கி வருவதைப் பார்த்ததும் உங்களைக் கேட்காமலே அவர் எல்லோரையும் எழுப்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.