வறண்ட நாட்டில் உள்ளூர் ஆடு மாடு இனங்களை அளந்து பதிவு செய்வதால் என்ன பயன்?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ஓமன் மாதிரி பாலைவன நாடுகள் உள்ளூர் ஆட்டின் உயரம், காது நீளம் எல்லாம் எதற்காக அளந்துகொண்டிருக்கின்றன, நல்ல வெளியூர் இனத்தை வாங்கிவிட்டால் போதாதா? அப்புறம், அளந்து எழுதிவிட்டால் ஓர் இனம் பிழைத்துவிடுமா?

இரண்டாவதற்குப் பதில் சுலபம். பிழைக்காது. கிடா இருந்தால்தான் பிழைக்கும். முதலாவதற்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

என் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் வடகரப்பதிப் பக்கம். கேரளம் என்றதும் மழையும் தோணியும் நினைவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும். பனைமரம், வேலமரம், தண்ணீர் வராத போர்வெல், தமிழ் பேசும் சனம். ஓமனில் சலாலா பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். இப்போது முப்பது சொச்சம் கருப்பு வெள்ளாடு வைத்திருக்கிறேன்.

சலாலா போன முதல் வாரம் என்னை நிற்க வைத்தது ஒரு மாடுதான். சலாலாவை ஒட்டிய தோஃபார் மலைப்பகுதியின் மாடு. எங்கள் மாநிலத்து வெச்சூர் மாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம், அவ்வளவு சின்ன உருவம். அதற்கு முன்னால் கொட்டிக் கிடந்தது காய்ந்த மத்தி மீன்! ஜூன் முதல் செப்டம்பர் வரை கரீஃப் என்கிற சாரல் காலம். மலை பச்சையாகக் கிடக்கும். அது முடிந்து புல் கருகியதும், கடற்கரையில் காயவைத்த மத்தியை மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுவார்கள். ஊரில் மத்தி வாங்கப் பேரம் பேசும் என் மனைவியிடம் போனில் சொன்னபோது நம்பவே இல்லை.

மூன்று மாதப் புல், மீதிக்கு மீன், மேடு பள்ளமான மலை. இதில் பால் கறந்து கன்றும் போடுகிற மாடு அது. அதே வெயிலில் ஹோல்ஸ்டீன் என்கிற வெளிநாட்டுப் பால்மாடும் வாழும்தான். குளிர்விக்கும் கொட்டகை வேண்டும், கப்பலில் வரும் தீவனம் வேண்டும், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். பெரிய கம்பெனி செய்யலாம். மலைமேல் நாற்பது உருப்படி வைத்திருக்கிறவர் செய்ய முடியாது.

ஆட்டிலும் இதே கதைதான். இஸ்ரேல், எகிப்து பக்கத்து நெகேவ், சினாய் பாலைவனங்களில் பதூயின் என்கிற நாடோடி அரபு மக்கள் வளர்க்கும் கருப்பாடு நாள் கணக்கில் தண்ணீர் இல்லாமல் மேயும். உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்த பிறகும், தண்ணீரைக் கண்டால் ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்டிவிடும். அதன் பெருவயிறு, அதாவது இரைப்பையின் பெரிய முதல் அறை, தண்ணீர்த் தொட்டி மாதிரி வேலை செய்கிறது. குடித்தது மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலக்காமல் அங்கே தங்கி மெதுவாக இறங்கும். இந்த குணத்தை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

இனி அளக்கிற கதை. ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஆட்டைப் பிடிக்கிற வேலை எனக்கு. விடியற்காலையில், மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் விடுவதற்கு முன்பே எடை போட வேண்டும். வயிறு நிறைந்துவிட்டால் எடை பொய் சொல்லும். பிறகு சமதரையில் நாலு காலும் சதுரமாக ஊன்றி, தலை நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். இது சொல்லத்தான் சுலபம். முன்தோளுக்கு மேல் முதுகு உயர்ந்திருக்கும் இடத்திலிருந்து தரை வரை அளவுகோல் வைத்து உயரம். முன்னங்காலுக்குப் பின்னால் டேப்பைச் சுற்றி மார்புச் சுற்றளவு. ஆடு மூச்சை இழுத்தால் டேப் ஏறும், விட்டால் இறங்கும், எழுதுகிறவர் எந்த எண்ணை எழுதுவது என்று என்னைப் பார்ப்பார். உடல் நீளம், காது, கொம்பு, முகம். கடைசியாக வாயைத் திறந்து பல். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று போய், எட்டும் முளைத்துவிட்டால் நம் ஊரில் கடை சேர்ந்தது என்போமே, அங்கேயும் அதே கணக்குதான்.

ஃபாரத்தில் நிறத்துக்கு ஒரு கட்டம். கருப்பு, வெள்ளை, பழுப்பு, கலப்பு. ஆட்டுக்காரக் கிழவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தக் 'கலப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் அவரிடம் பத்துப் பெயர்கள் இருந்தன. நம்மிடமும் காங்கேயம் மாட்டுக்கு மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று இருக்கிறதே. அப்புறம் ரத்தம் எடுக்கும் வேலை வந்தது. மரபணு ஆராய்ச்சிக்கு ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆடுகளாக வேண்டும் என்றார்கள். எதற்கு எது தாய், எது பாட்டி என்று எந்த நோட்டிலும் இல்லை. கிழவர் பட்டிக்குள் நடந்து, இது வேண்டாம், இது அதன் அக்கா மகள் என்று ஒதுக்கிக்கொண்டே போனார். அன்று நிஜமான பதிவேடு அவர்தான். அளக்க வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் ஃபாரத்தை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னதை எழுத ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் அந்த நாளின் உருப்படியான வேலை அது.

நம் நாட்டில் இந்தப் பதிவு வேலைக்கு 1984-இல் தொடங்கிய தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ஹரியானாவின் கர்னாலில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்து அட்டப்பாடி மலையின் கருப்பாடு அங்கே தனி இனமாகப் பதிவானது. பதிவு இல்லாதவரை அரசுக் காகிதத்தில் அது 'வகைப்படுத்தப்படாத ஆடு'. அப்படிப் பெயர் வைத்துவிட்டால் கலப்பினம் செய்து 'மேம்படுத்த' யார் வேண்டுமானாலும் வருவார்கள். ஆகவே அளப்பதில் பயன் உண்டு. ஒரு பெயரும், என்ன இருக்கிறது என்ற கணக்கும் கிடைக்கின்றன.

நானும் ஒருமுறை மேம்படுத்தினேன். ஊர் திரும்பிய புதிதில் நீண்ட காது ஜமுனாபாரிக் கிடா ஒன்றை நல்ல விலை கொடுத்து இறக்கினேன். குட்டிகள் திமுதிமுவென்று வளர்ந்தன, பார்க்கிறவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். அடுத்த கோடையில் கருவேல முள்ளில் காது கிழிந்து புண்ணாகி, ஈ மொய்த்து, மேயாமல் நின்றே மெலிந்தன. பதினாலில் ஒன்பது போயின. என் கருப்பாடுகள் அதே காட்டில் காய்ந்த இலையைப் பொறுக்கித் தின்று சினையோடு சுற்றிக்கொண்டிருந்தன. ஜமுனாபாரியும் நாட்டு இனம்தான், ஆனால் அது உத்தரப் பிரதேசத்து எட்டாவா பக்கத்து நாடு. வடகரப்பதிக்கு அது அசலூர்.

இப்போது கிடா கணக்கு. கொஞ்சம் கணிதம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் எத்தனை தலை என்பது முக்கியமில்லை, மரபு எத்தனை வழியாக இறங்குகிறது என்பதுதான் முக்கியம். கிடா எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 100 பெட்டைக்கு 1 கிடா என்றால் விடை சுமார் 4. நூறு ஆடு நிற்கிற பட்டி, மரபுக் கணக்கில் நாலு ஆடு! இன்னும் 100 பெட்டை வாங்கிவிட்டாலும் அந்த 4 நகராது. கிடாவை 10 ஆக்கினால் 36 ஆகிவிடும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும், ஆடு மாடு போன்றவற்றில் இனப்பெருக்கத்துக்கு உதவும் பெட்டை 300-க்குள் போனாலும் சரி, ஆண் 5-க்குள் போனாலும் சரி, அந்த இனத்தை மிக ஆபத்து நிலையில் சேர்க்கிறது.

எங்கள் மாநிலம் இதை ஒருமுறை அனுபவித்தது. 1961-இல் கேரளத்தில் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத உள்ளூர்க் காளைகளுக்குக் காயடிக்க வேண்டும் என்றானது. வீட்டுக்கு வீடு வந்து காயடித்தார்கள் என்று அப்பாரு (தாத்தா) சொல்வார். அவர் ஒரு காளையை இரவோடு இரவாக வேலந்தாவளம் தாண்டி மச்சான் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டினாராம். பசுவை யாரும் தொடவில்லை, காளைதான் போயிற்று, பின்னாலேயே இனமும் போயிற்று. 1989-இல் மண்ணுத்தி வேளாண் பல்கலைக்கழகத்தில் சோசம்மா ஐப் என்ற பேராசிரியை மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி, எட்டே உருப்படியில் வெச்சூர் மாட்டை மீட்கத் தொடங்கினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எட்டு என்ற எண்ணை மேலே சொன்ன கணக்கோடு வைத்துப் பாருங்கள், வியர்க்கும்.

இன்று சட்டம் போட்டு யாரும் காயடிப்பதில்லை. விலையே அந்த வேலையைச் செய்கிறது. வேகமாக வளர்ந்து, நெஞ்சு அகன்று, கம்பீரமாக நிற்கும் கிடாதான் பெருநாளுக்கும் கோயிலுக்கும் முதலில் போகிறது. பட்டியில் மிஞ்சுவது யாரும் கேட்காத சோப்ளாங்கி. அடுத்த ஈத்துக்கு அதுதான் அப்பன். சலாலாவிலும் இதைத்தான் பார்த்தேன், அட்டப்பாடி ஊர்களில் ஆட்டுக்காரர்கள் சொன்னதும் இதுதான். திரவ நைட்ரஜனில் விந்தை உறையவைப்பதை நான் குறை சொல்லவில்லை, ஆபத்துக்கு அது வேண்டும். ஆனால் குடுவைக்குள் இருக்கும் விந்து எந்த முள்ளை ஒதுக்கித் தின்பது என்று குட்டிக்குக் காட்டித் தராது. அதைக் காட்டுவது பட்டி.

அதனால் பக்கத்தில் மூன்று ஆட்டுக்காரர்களோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நல்ல கிடாவை விற்காமல் வைப்பது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது, கிடாவை வைத்திருப்பவருக்கு மற்ற மூவரும் தீவனச் செலவில் பங்கு தருவது. சங்கம், பதிவு எதுவும் இல்லை. ஒருவர் ஏற்கெனவே மகள் கல்யாணத்துக்கு வாக்கை மீறி விற்றுவிட்டார், அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

இந்தச் சுற்றில் என் பங்குக்கு வந்த கிடா ஒன்று இருக்கிறது. வாசல் வேம்பில் கட்டியிருக்கிறேன். நேற்று சாயங்காலம்கூட ஒருவர் பைக்கை நிறுத்தி, முதுகைத் தடவிப் பார்த்து, போன வாரம் சொன்னதற்கு மேல் இரண்டாயிரம் ஏற்றிக் கேட்டார். இது விற்பனைக்கு இல்லைங்க என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை. பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, மறுபடி வருவார்.